குழாய்க்கும் கலசத்துக்கும் நடுவே

ஏப்ரல் 5, சனி

காலை நல்ல வெயில். இரண்டு மணிக்கு மேல் மூட்டம்.

கொட்டகலையிலிருந்து தேர் பத்திரமாக வந்து சேர்ந்தது. ஒரு கீறல் இல்லை. லொறியிலிருந்து இறக்கி டிரக்டர் இழுக்கிற பெட்டியில் ஏற்ற நாற்பது பேர். கிரேன் இல்லை, சங்கிலி இல்லை, வெறும் கை. "ஏலேலோ" கூடக் கிடையாது, ஒரு ஆள் விசில் ஊதினார், மற்றவர்கள் தூக்கினார்கள். எனக்கு வேலையே வைக்கவில்லை.

தேர் பெட்டியில் உட்கார்ந்த பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன். உயரம் கூடித் தெரிந்தது.

பையிலிருந்து கோயில் கமிட்டி எழுதித் தந்த தாளை எடுத்துப் பார்த்தேன். "தரையிலிருந்து கலசம் வரை 14 அடி." தரையிலிருந்து. நான் செய்தது தேரின் அடிச்சட்டத்திலிருந்து 14 அடி. பெட்டியின் உயரம் மூன்றடி. ஆக மொத்தம் 17.

இருபத்திரண்டு வருஷமாக வெல்டிங். தேர் மட்டும் இது ஆறாவது. சின்னப் பிள்ளை கூடச் செய்யாத தப்பு.

யாருக்கும் தெரியவில்லை. எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். கோயில் தலைவர் என் தோளில் தட்டி, "பாஸ், இந்தப் பக்கத்துத் தோட்டத்துலயே ஒசரமான தேர் நம்மளதுதான்!" என்றார். பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஊர்வலம் வரும் 12ஆம் தேதி, பௌர்ணமிப் போயா லீவில். பள்ளத்தாக்கில் நான்கு கணக்கு, அதாவது தோட்டத்தின் நான்கு பிரிவு. நான்குக்கும் தேர் போக வேண்டும். கமிட்டிச் செயலாளர் யோகராஜிடம் (ஆட்டோ ஓட்டுகிற தம்பி, நல்ல பிள்ளை), "கரண்டு கம்பி எல்லாம் ஒருக்கா பார்த்து வச்சிருவோம்" என்றேன். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

மூங்கில் ஒன்று வெட்டி 17 அடிக்கு அளந்து நறுக்கியாயிற்று. நுனியில் சிவப்புத் துணி.

படுக்கை கோயில் மடப்பள்ளிக்குப் பக்கத்து அறை. சர்ச்சுக்குப் போகிற வேதக்காரனுக்கு விபூதி வாசனையோடு தூக்கம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஐந்தரைக்கு எழும்பினேன். சிவனொளிபாத மலை கண்ணாடி போலத் தெரிந்தது. ஏழு மணிக்குக் காணோம்.

யோகராஜும் நானும் கழியும். ஆட்டோவில் கழி ஏறாது, ஆகவே நடை. நல்லதாகப் போயிற்று. இந்த இடத்தை நடந்துதான் பார்க்க வேண்டும்.

மேல் கணக்கு. கோயில் இங்கேதான். மூன்று லயம் (வரிசை வீடு), எல்லா வாசலிலும் டின்னில் பூச்செடி. பால் மா டின், பெயின்ட் டின், உடைந்த ஹெல்மட் ஒன்றில் கூட. ஹெல்மட்டில் பூத்திருந்தது நல்ல ரோஜா.

கம்பி: 5 இடம். 3 சரி. 2 கழியில் தட்டுகிறது. கவட்டைக் கம்பால் தூக்கிவிடலாம் என்கிறான் யோகராஜ். ஈரக் கம்பு கூடாது என்று சொன்னேன். அன்றைக்குக் கரண்டை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். சரி.

பங்களாக் கணக்கு. தொரை பங்களா வளைவில் சைப்ரஸ் கிளை. பங்களாத் தோட்டக்காரர் வெட்டித் தருவார்.

வழியில் ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே யூகலிப்டஸ் மரத்தில் பெரிய குளவிக் கூடு. பானை அளவு. யோகராஜ் தானாகவே குரலை இறக்கிவிட்டான். "இந்த எடத்துல மேளம் நிப்பாட்டணும் பாஸ். காலைல வேல பிரிக்கிற பெரட்டுலயே சொல்லிருவாங்க, இங்க கொழுந்து எடுக்கறப்ப பேசக்கூடாதுன்னு." குறித்துக்கொண்டேன்: குளவி, நூறு யார் மௌனம்.

ஞாயிறு என்பதால் ஆட்கள் எல்லோரும் சொந்தத் துண்டு நிலத்தில். லயத்துக்குப் பின்னால் நிற்கவே முடியாத சரிவு. அதில் படி படியாகக் கல் அடுக்கி லீக்ஸ், போஞ்சி, கரட். ஒரு கல்லுக்கும் சிமெந்து இல்லை. ஒன்றை உதைத்துப் பார்த்தேன், அசையவில்லை. இரும்பை ஒட்டுகிற எனக்கு இது பொறாமை.

கழியைப் பார்த்தவர்கள் கேட்டவை:
"கொடிமரமா?"
"டவரா போடப் போறீங்க? எந்த கம்பெனி?"
"மீன் புடிக்கவாங்க?" (இது ஒரு பாட்டன். குளம் ஆறு மைல் தள்ளி.)

மாலை மழை. ரொட்டி, சம்பல், தேத்தண்ணி. தேத்தண்ணி இங்கே கொட்டகலையை விட ருசி. மனைவி ஸ்டெல்லாவிடம் போனில் சொன்னேன். "அப்ப அங்கயே இருங்க" என்றாள்.

தப்பைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 7, திங்கள்

மூட்டம், பிறகு வெயில், பிறகு மூட்டம்.

இன்று கீழே. மூன்றாவது, ஸ்டோர் கணக்கு, அதாவது தேயிலை ஃபேக்டரியைச் சுற்றி. பாதை அகலம். பிரச்சினை இல்லை. கொழுந்து வாடுகிற வாசனையில் கால் மணி நேரம் சும்மா நின்றேன்.

அதற்குக் கீழே ஒரு சின்ன சிங்களக் கிராமம், பத்துப் பதினைந்து வீடு. பாதைக்கு மேல் பலாக் கிளை, கையளவு கீழே. வீட்டுக்காரர் பியதாச, எழுபது வயது இருக்கும். கழியைப் பார்த்தார், கிளையைப் பார்த்தார், உள்ளே போய் வாளோடு வந்தார்.

"வேணாம் ஐயா, காய் இருக்கு" என்றேன்.

"பரவால்ல மஹத்தயா. அம்மா வாற பாதை தானே. எங்க பத்தினி அம்மா போலதான்."

அறுத்தே விட்டார். நான்கு பிஞ்சு. இரண்டை எங்கள் கையில் திணித்தார். என் தப்புக்கு ஒரு மனுஷன் பலாக் கிளையை இழந்தார் என்று மனசு குத்தியது. 14 அடி என்றால் அந்தக் கிளை தலைக்கு மேல் சும்மா நின்றிருக்கும்.

அங்கிருந்து ஆத்துக் கணக்கு. பள்ளத்தாக்கின் அடி. இதை எழுதாமல் இருக்க முடியாது. பாதை திரும்பியதும் சத்தம் முதலில் வருகிறது, பிறகு ஆறு, பிறகு பச்சை. எதிர்மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களின் சிவப்பும் மஞ்சளும் துணி. இரண்டே லயம், முப்பத்திரண்டு வீடு. இவ்வளவு துப்புரவான வாசல் நான் டவுனில் பார்த்ததில்லை. ஆற்றங்கரையில் ஒரு மரத்தடியில் மஞ்சள் பூசின கல், அதுதான் இவர்களுடைய மாரியம்மன்.

லயத்துக்கு நூறு யார் முன்னால், பாதைக்குக் குறுக்கே, ஒரு இரும்புக் குழாய். இந்தக் கரை மேட்டிலிருந்து அந்தக் கரை மேட்டுக்கு, கேபிளில் கட்டித் தொங்குகிறது. கழி போய் "டங்" என்று இடித்தது.

அளந்தேன். 15 அடி 4 அங்குலம்.

ஒரு பெண் இடுப்பில் குடத்தோடு வந்து நின்றார். லெட்சுமி அக்கா. நாற்பத்தைந்து இருக்கும். கொழுந்து எடுக்கிறவர், இங்கே எது என்றாலும் இவரைத்தான் கேட்கிறார்கள்.

"தேருக்கு அளக்குறீங்களா?" என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. "மொத மொத இங்க வருதுங்க. முந்தி ஒத்தையடிப் பாதைதானே. ரெண்டு வருசத்துக்கு முன்னதான் டிரக்டர் வார மாதிரி பாதை வெட்டுனோம். எங்க மாமியார் சாகுற வரைக்கும் மேல ஏறித்தான் கும்பிட்டாங்க. போன வருசம் அவங்கள ரெண்டு பேரு நாக்காலில வச்சி தூக்கிட்டுப் போனாங்க."

வாசலுக்கு வாசல் புதுச் சுண்ணாம்பு. தேருக்காக. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

குழாயைக் கழற்றி மாட்டலாமா என்று யோகராஜ் கேட்டான்.

"ஐயோ, அது மட்டும் வேணாம் தம்பி. மண்சரிவுல போன வாட்டி ஒருக்கா கழண்டுச்சி. திருப்பி மாட்டுனோம், காத்து புடிச்சிக்கிட்டு ஒம்பது நாள் தண்ணி வரல்ல. எல்லா வீட்டுக்கும் இந்த ஒரு தண்ணிப் பீலிதான்."

நான் அறுத்து ஒட்டித் தரலாம். ஒட்டுவது பிரச்சினை இல்லை, காற்று பிடிப்பதுதான். மேடு பள்ளமாக வருகிற குழாய். அவர் சொல்வது சரி.

திரும்பி ஏறும்போது யோகராஜ் இருபது யார் முன்னால் நடந்தான். கழி என் தோளில்.

ஏப்ரல் 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல்.

கமிட்டிக் கூட்டம். ஏழு பேர். குழாய் விஷயத்தை யோகராஜ் சொன்னான்.

நான் சொன்ன வழி: மேல் தட்டுக்குக் கீல் வைத்துத் தருகிறேன். குழாய் வரும்போது கலசத்தைச் சாய்த்து, தாண்டினதும் நிமிர்த்தலாம்.

தலைவர்: "ஆத்தா தலைய குனிஞ்சிக்கிட்டா வருவா? என்னா பேசுறீங்க பாஸ்!"

பூசாரியும் ஒத்துக்கொள்ளவில்லை. கலசம் வைத்த பிறகு ஊர்வலம் முடியும் வரை அசைக்கக் கூடாதாம். அவர்கள் கோயில், அவர்கள் முறை. தேரை அறுத்து மூன்றடி குறைக்கலாம். அதற்குக் கொட்டகலைக்கே கொண்டு போக வேண்டும், சித்திர வேலை முழுதும் போகும், நான்கு நாளில் ஆகாது.

தலைவர் முடிவு: "ஆத்துக் கணக்கு சனங்க வழக்கம் போல மேல வந்து கும்பிடட்டும். என்னா செய்ய? தேரு ஒசரமாயிருச்சு."

ஒசரமாயிருச்சு! தேர் என்ன, தானாகவா வளர்ந்தது? அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். கொட்டாவி மாதிரி ஒரு சத்தம் வந்தது, மூடிக்கொண்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

யோகராஜ் எழுந்து வெளியே போய்விட்டான். அவன் அக்காவைக் கட்டிக் கொடுத்தது ஆத்துக் கணக்கில் என்று பிறகுதான் தெரிந்தது.

ஸ்டெல்லாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"வருசா வருசம் ஃபாதர்கிட்ட மண்டி போட்டு பாவத்தச் சொல்றீங்கல்ல? அவருக்கா தேரு செஞ்சீங்க? யாருக்குச் செஞ்சீங்களோ அவங்ககிட்டப் போய் சொல்லுங்க."

பலாப் பிஞ்சை மடப்பள்ளி ஆள் கறி வைத்தார். நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஏப்ரல் 9, புதன்

வானம் வெளுத்திருந்தது.

தனியாக இறங்கினேன். கழியும் எடுத்துப் போனேன், ஏன் என்று தெரியாது. குளவி மரத்தடியில் மூச்சைக் கூட அடக்கிக்கொண்டு நடந்தேன். இறங்க இறங்க அழகு கூடிக்கொண்டே போகிற இடம் இது. இன்றைக்கு அதுவும் பாரமாகத்தான் இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் லயத்துக்கு வந்திருந்தார்கள். லெட்சுமி அக்கா பீலியில் கை கழுவிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன். தாளைக் காட்டிச் சொன்னேன். "தரையிலருந்துன்னு எழுதியிருந்துச்சு அக்கா. நான் பாக்கல. மூணடி கூடிப் போச்சு. ஏந் தப்பு. அதனாலதான் இங்க தேர் வராது."

கோபிப்பார் என்று நினைத்தேன். கோபித்தார். "அப்ப நேத்து கூட்டத்துல இத ஏன் சொல்லல? எங்க மேலயும் கொழா மேலயுமா பழி?" பக்கத்து வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பாதைக்கு நடந்தார். நானும் பின்னால். குழாய்க்குக் கீழே நின்று மேலே பார்த்தார், பிறகு காலடியைப் பார்த்தார். காலால் மண்ணைக் கிளறினார்.

"எத்தன அடி வேணும்?"

"ரெண்டடி இருந்தா போதும். ஆனா கொழாய ஒசத்த முடியாதே, கேபிள் தாங்காது..."

"கொழாய யாரு ஒசத்துறா? பாதைய எறக்குவோம்."

எனக்கு விளங்கவே ஒரு நிமிஷம் ஆயிற்று. இரும்பைத் தவிர வேறெதையும் வெட்டலாம் என்று என் மண்டைக்கு வராது. இவர்கள் பிறந்ததிலிருந்து மண் வெட்டுகிறவர்கள். தேயிலை மலையில் மழைத் தண்ணீர் ஓட கான் வெட்டி, பாதை வெட்டி, மண்சரிவை வெட்டி அள்ளி. நான் மேலேயே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நான்கு நாள் நடந்திருக்கிறேன்.

கணக்குப் போட்டேன், இது எனக்குத் தெரிந்த வேலை:
– சமதளம் 24 அடி (பெட்டி முழுசாக உள்ளே இறங்கின பிறகுதான் கலசம் குழாய்க்குக் கீழ் வரணும்)
– இரண்டு பக்கமும் சரிவு 15 அடி
– அகலம் 8
– ஆழம் 2

லெட்சுமி அக்கா அதைக் கேட்டுவிட்டு, "ரெண்டு அந்தி" என்றார். பிறகு வீட்டுக்குள் போய் ஒரு மம்பட்டியை எடுத்து வந்து என் முன்னால் நட்டார்.

"நீங்களும் வெட்டுங்க."

ஏப்ரல் 10, வியாழன்

உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். பேனா பிடிக்க முடியவில்லை. சுருக்கமாக.

நேற்று நாலரைக்குத் தொடங்கி இருட்டும் வரை. இன்றும். மொத்தம் முப்பத்தைந்து பேர், பாதிக்கு மேல் பெண்கள். காலையிலிருந்து மலையில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள். யோகராஜ் மேலிருந்து ஆறு பேரை ஆட்டோவில் இறக்கினான்.

வெட்டுகிற முறை பார்க்க வேண்டும். முதலில் கயிறு. கயிற்றோடு ஒரு ஆள் முளை அடித்துக்கொண்டு போகிறார். அலவாங்கு கல்லைப் பெயர்க்கிறது, மம்பட்டி மண்ணை இழுக்கிறது, பெண்கள் உரச்சாக்கில் அள்ளி ஆற்றோரத் தோட்டத்துக்குக் கொண்டு போகிறார்கள். ஒருவர் மேல் ஒருவர் முட்டவில்லை. "நகரு" என்று கூட ஒருத்தரும் சொல்லவில்லை. நான் ஒருவன்தான் எல்லோர் வழியிலும் நின்றேன்.

ஒரு அண்ணன்: "பாஸ், மண்ண வெட்டுங்க. பயமுறுத்தாதீங்க."

அடியில் ஆற்றுப் பக்கம் சாய்வு கொடுத்து ஒரு கான். மழை பெய்தால் தண்ணீர் தேங்காது. மட்டப் பலகை இல்லை. லெட்சுமி அக்கா குடத்துத் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் போன வழியைப் பார்த்து இரண்டு இடத்தில் சுரண்டினார், அவ்வளவுதான்.

மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா மோட்டார் சைக்கிளில் வந்தார். தோட்டத்துப் பாதை, கேட்காமல் வெட்டியது. எல்லோரும் நிமிர்ந்து நின்றார்கள். அவர் குழாயைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார், என் கழியைப் பார்த்தார்.

"நான் இன்னைக்கி இந்தப் பக்கம் வரல்ல" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். திருப்பினவர் மறுபடி நின்று, "அடியில தேயில கவ்வாத்து வெட்டுன குச்சி போடுங்க. டயர் வழுக்கும்."

சுருக்கமாக என்று தொடங்கினேன்.

தலைவரிடம் இன்னும் சொல்லவில்லை. நாளைக்குக் கட்டாயம்.

ஏப்ரல் 11, வெள்ளி

உத்திரம். கோயிலில் கூட்டம். பத்து மணிக்குப் பூசை முடிந்ததும் தலைவரைத் தேருக்குப் பின்னால் கூட்டிப் போனேன். தாளைக் கொடுத்தேன். படித்தார். தேரை அண்ணாந்து பார்த்தார். மறுபடி படித்தார்.

"அப்ப மூணடி கூடவா?"

"ஆமாங்க. ஏந் தப்புதான். என்னா சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். சுற்றும் முற்றும் பார்த்தார்.

"வெளியில சொல்லாதீங்க பாஸ். ஒசரமான தேருன்னு மஸ்கெலியா வரைக்கும் சொல்லிட்டேன்."

சிரிப்பதா என்று தெரியாமல் நின்றேன். ஆத்துக் கணக்கில் பாதையை இறக்கியதைச் சொன்னேன். அவருக்கு முந்தா நாளே தெரியுமாம். மம்பட்டி இரண்டு அனுப்பினது அவர்தானாம். "நான் தேரு போவாதுன்னுதான் சொன்னேன். போவக் கூடாதுன்னா சொன்னேன்?" இந்த மனுஷனை நான்கு நாளாகத் தப்பாக எடை போட்டிருக்கிறேன். தப்பாக அளப்பது பழக்கமாகிவிட்டது.

மூன்று மணிக்கு மழை. சாதாரண மழை இல்லை. இடியோடு இரண்டு மணி நேரம். கோயில் தகரத்தில் விழுகிற சத்தத்தில் நாதஸ்வரமே கேட்கவில்லை. எனக்குப் பள்ளத்தின் நினைப்புத்தான். போன் போட்டால் எடுக்கிறவர் இல்லை.

ஐந்தரைக்கு யோகராஜ் கீழே போய் வந்தான். முழங்கால் வரை சேறு. "தண்ணி தேங்கல பாஸ். கான் இழுத்துருச்சு. அடி மட்டும் கொழகொழன்னு இருக்கு."

ஸ்டோரில் கேட்டு அடுப்புச் சாம்பல் பன்னிரண்டு மூட்டை. அதற்கு மேல் கவ்வாத்துக் குச்சி. குச்சி போட்டால் அடி உயரும். இரண்டடி இறக்கியதில் கிடைத்த நான்கு அங்குல இடைவெளியில் இரண்டு போய்விடும்.

மிச்சம் இரண்டு அங்குலம். கலசத்துக்கு மாலை போடக் கூடாது என்று பூசாரியிடம் சொல்ல வேண்டும். மறக்காதே. மாலை. மாலை.

ஏப்ரல் 12, சனி

வெயில்! ஒரு துண்டு மேகம் இல்லை.

ஏழுக்குத் தேர் புறப்பட்டது. கழியோடு நான் முன்னால். கம்பிகள் சரி. பங்களா வளைவு சரி. குளவி மரத்துக்கு முன்னால் மேளம் நின்றது, நாதஸ்வரம் நின்றது. முன்னூறு பேர், கைக்குழந்தைகள் வேறு. டிரக்டர் எஞ்சினையும் அணைத்துக் கயிற்றால் இழுத்தார்கள். நூறு யார் தூரம் டயர் மண்ணில் உருளுகிற சத்தம் மட்டும். அப்படி ஒரு சாமி ஊர்வலத்தை நான் பார்த்ததில்லை. ஜெபமாலையைப் பையில் தொட்டுக்கொண்டேன், அது என் பழக்கம்.

பியதாச ஐயா வாசலில் விளக்கேற்றி வைத்திருந்தார். வெட்டின கிளையின் அடியில் மஞ்சள் பூசியிருந்தது, அவர்தான் பூசியிருக்க வேண்டும்.

மூன்றரை மணி. ஆத்துக் கணக்கு. மேல் கணக்கிலிருந்து எல்லோரும் கூடவே இறங்கி வந்திருந்தார்கள், இந்தத் தடவை அவர்கள் இறங்கினார்கள்.

மேட்டில் ஏறிக் குழாய் மட்டத்துக்குக் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். டிரக்டர் சரிவில் இறங்கியது. குச்சி நொறுங்குகிற சத்தம். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது, முப்பது தோள் போய் முட்டுக் கொடுத்தது. கலசத்தில் மாலை! யாரோ போட்டிருக்கிறார்கள்! கத்தினேன். பூசாரி தேரிலிருந்தே எட்டி மாலையை இழுத்து எடுத்துவிட்டார்.

கலசம் குழாய்க்குக் கீழே வந்தது. இரண்டு விரல். சரியாக இரண்டு விரல். குழாயின் மூட்டில் எப்போதும் ஒரு கசிவு உண்டு, அளந்த அன்றைக்கே கவனித்திருந்தேன். அந்தச் சொட்டு இரண்டு மூன்று கலசத்தின் மேல் விழுந்தது. "அபிஷேகம், அபிஷேகம்" என்று ஒரு குரல். பிறகு எல்லாக் குரலும். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, எழுதவே வெட்கமாக இருக்கிறது.

லெட்சுமி அக்கா தேங்காய் உடைக்கவில்லை. பாதை ஓரத்தில் மாமியாரின் அந்த நாற்காலியைக் கொண்டு வந்து போட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. தேர் அதற்கு முன்னால் நின்று கற்பூரம் காட்டிவிட்டுத்தான் நகர்ந்தது. யார் சொன்னார்கள் என்று தெரியாது.

ஐந்து மணிக்குத் தேர் திரும்பி மேலே ஏறிவிட்டது. நான் மட்டும் பின்தங்கி அக்காவிடம், "கசிவ அடுத்த வாரம் வந்து ஒட்டித் தரவா?" என்றேன்.

"வேணாம், இருக்கட்டும்."

"அப்ப பள்ளத்த மூடவாவது வாறேன்."

"எதுக்கு மூடணும்? அடுத்த வருசம் ஆத்தா எப்பிடி வருவா?"

திரும்பிப் பார்த்தேன். ஓரத்தில் நான்கு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பள்ளத்தின் சுவருக்குக் கல் அடுக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் ஊருக்குத் திரும்ப வேண்டிய மஸ்கெலியா கடைசி பஸ் ஆறேகாலுக்கு. அக்கா ஒரு கல்லை என் கையில் கொடுத்தார். கனம்.